பூக்க மறுத்த பாகு

பிப்ரவரி 3

சம்பந்தி அவர்களுக்கு,

நலம் விசாரிக்கும் நிலையில் நான் இல்லை. ஆனாலும் கடிதம் என்றால் அதற்கு ஒரு முறை இருக்கிறது. உங்கள் நலமும் சம்பந்தியம்மா நலமும் அறிய ஆவல்.

ஞாயிற்றுக்கிழமை நீங்கள் போனில் சொன்ன வார்த்தையை மூன்று நாளாக மென்றுகொண்டிருக்கிறேன். விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. “உங்க ஆளுங்க எதையோ மறைச்சுத்தான் வித்திருக்காங்க” என்றீர்கள். நான் பட்டென்று போனை வைத்தேன். இனி உங்களோடு போனில் பேசுவதில்லை என்று என் மகளிடமும் சொல்லிவிட்டேன். பேச மாட்டேன் என்றுதான் சொன்னேன், எழுத மாட்டேன் என்று சொல்லவில்லை. போனில் நீங்கள் குறுக்கே பேசுவீர்கள். காகிதத்தில் அது முடியாது அல்லவா?

நான் இந்த ஆய்வகத்தில் முப்பத்தோரு வருஷமாகப் பாத்திரம் கழுவுகிறேன். படித்தது அஞ்சாம் வகுப்பு. ஆனால் வெளியாட்கள் யார் வந்தாலும் எங்கள் டைரக்டர் முதலில் திறந்து காட்டுவது என் கழுவும் அறையைத்தான். “இந்தம்மா கழுவினா அதுல முகம் பாக்கலாம்” என்பார். நீங்களும்தான் மூன்று வருஷத்துக்கு முன்னால் பயிற்சிக்கு வந்தபோது பார்த்தீர்கள், தலையை ஆட்டினீர்கள்.

வலிப்பு மருந்தைச் சூடாகக் கரைத்து, அண்டாவில் ஊற்றி, துடுப்பு சுற்றச் சுற்ற எட்டு மணி நேரம் மெல்ல ஆறவிட்டால், தெளிந்த பாகு இருபத்திரண்டு டிகிரியில் வெள்ளையாகப் பூத்துவிடும். தூள் கீழே தங்கும். எங்கள் டைரக்டர் கண்டுபிடித்த முறை இது. அதை நூற்றுப் பன்னிரண்டு பக்கத்தில் எழுதி உங்கள் ஆலைக்குக் கொடுத்தோம். சொல்லித்தர எங்கள் ஆய்வக ஆளாக என் மகளையும் உங்கள் நாட்டுக்கு அனுப்பினோம். போன இடத்தில் அவள் உங்கள் பையனைக் கட்டிக்கொண்டாள். முறையையும் கொடுத்து, பெண்ணையும் கொடுத்தாகிவிட்டது. இதற்கு மேல் மறைத்துவைக்க எங்களிடம் என்ன இருக்கிறது சம்பந்தி?

உங்கள் ஊரில் பூக்கவில்லை என்றால் உங்கள் அண்டாவைப் பாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பையனின் மாமியார்


பிப்ரவரி 11

அன்புள்ள சம்பந்தியம்மா அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. இரண்டு முறை வாசித்தேன். குறுக்கே பேச முடியவில்லை என்பது உண்மைதான்.

‘உங்க ஆளுங்க’ என்று நான் சொன்னது உங்களை மனதில் வைத்து அல்ல. ஆனால் சொன்னது தவறு. மன்னிக்க வேண்டும். அன்று பதினான்காவது முறையும் பாகு பாகாகவே நின்றது. எட்டு மணி நேரம் கண்ணாடித் துளை வழியாகப் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டு, அந்தக் கால் வலியோடு உங்களுக்குப் போன் செய்தேன். செய்திருக்கக் கூடாது.

நடப்பதை உங்களிடம் மறைக்க எனக்கு விருப்பமில்லை. இங்கே ஒரு விசாரணை தொடங்கியிருக்கிறது. உங்கள் ஆய்வகத்திலிருந்து வந்த ஒரே ஆள் என் மருமகள். கலன் அறை அவள் பொறுப்பில் இருக்கிறது. “பழைய எடத்து விசுவாசத்துல முறையில ஒரு படிய முழுங்கிட்டா” என்று ஆலையில் பேச ஆரம்பித்துவிட்டார்கள். மார்ச் 31-ஆம் தேதி அறிக்கை போக வேண்டும். துறைத் தலைவன் என்ற முறையில் கையெழுத்துப் போட வேண்டியவன் நான். மாமனார் என்பதற்காக எனக்கு விலக்குக் கேட்டேன். “மாமனாரே கையெழுத்துப் போட்டாத்தான் சார் நம்புவாங்க” என்று சொல்லிவிட்டார்கள்.

எங்கள் தரச்சோதனை அதிகாரியை ஆலையில் எல்லோரும் ‘தாள்’ என்றுதான் கூப்பிடுவோம். தாளில் இருந்தால்தான் அவருக்கு மழையே பெய்யும். சர்க்கரைப் பாகில் ஒரு சர்க்கரை மணி விழுந்தால் பாத்திரம் முழுக்கப் பூத்துப்போகும், உங்களுக்குத் தெரியாததல்ல. அதுபோல, ஒப்பிட்டுப் பார்க்க நாங்கள் பூட்டிவைத்திருக்கும் மருந்துத் தூளில் ஒரு சிட்டிகையை விதையாகக் கலனில் போட்டுப் பார்க்கலாமா என்று கேட்டேன். தாள் எழுந்தே நின்றுவிட்டார். “இது விதை போடாத முறைன்னுதான சார் வாங்கியிருக்கோம்? தாள்ல இல்லாதத போட்டா அது வேற முறை. ஒண்ணு, முறை தப்புன்னு அவங்க கையாலயே எழுதி வாங்குங்க. இல்ல, ஆள் தப்புன்னு நீங்க எழுதுங்க.”

விதை போடும் முறைக்கு வேறொரு பெரிய கம்பெனி காப்புரிமை வைத்திருக்கிறது. விதையில்லாமல் பூக்கவைத்தார் என்பதுதான் உங்கள் டைரக்டரின் பெருமை. நாங்கள் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் உங்கள் பக்கத்திலிருந்து வக்கீல்தான் பதில் எழுதுகிறார். ஆய்வக ஊழியர்களோடு நேரடியாகத் தொடர்பு கூடாதாம். சம்பந்திக்குக் கடிதம் எழுதக் கூடாது என்று எந்த ஷரத்தும் இல்லை. தேடிப் பார்த்துவிட்டேன்.

ஆகவே கேட்கிறேன். தண்ணீர் எங்கிருந்து வருகிறது? பூக்கும் நேரத்தில் அறையில் யார் இருப்பார்கள்? ஜன்னல் திறந்திருக்குமா? எது அற்பமோ அதையே எழுதுங்கள்.

தங்கள்,
சம்பந்தி


பிப்ரவரி 18

சம்பந்தி அவர்களுக்கு,

என் மகளையா? அவள் சின்ன வயதில் ஒரு மிட்டாயைக்கூட முழுசாக மறைக்கத் தெரியாமல் கன்னம் உப்பிக்கொண்டு நிற்பாள். அவள் ஒரு படியை விழுங்கினாளாம். சொன்னவன் யார் என்று எழுதுங்கள்.

உங்கள் கடிதம் வந்த நாளிலிருந்து வீட்டில் ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. அடுத்த நாளே டைரக்டரை வராந்தாவில் மறித்துக் கேட்டேன். அவர் நடந்துகொண்டே, “அதெல்லாம் வக்கீல் மூலமா வரட்டும்மா. அவங்க அண்டா சரியில்லாததுக்கு நாம என்ன பண்றது?” என்றார். அதைத்தான் நானும் உங்களுக்கு எழுதியிருந்தேன். ஆனால் அவர் வாயிலிருந்து கேட்டபோது எனக்குப் பிடிக்கவில்லை.

நீங்கள் கேட்டவை. தண்ணீர் மூன்றாம் மாடித் தொட்டியிலிருந்து வருகிறது, காய்ச்சி வடித்துத்தான் உபயோகம். ஜன்னல் திறக்காது, கொக்கி உடைந்து ஒன்பது வருஷம் ஆகிறது, எழுதிக் கொடுத்தும் யாரும் வரவில்லை. பூக்கும் நேரத்தில் ஆபரேட்டர் இருப்பார். அவர் ரேடியோ கேட்பார், பாகு கேட்காது. தரை துடைக்கும் மருந்து எலுமிச்சை வாசனை. போதுமா அற்பம்?

கழுவுவதை நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் எழுதுகிறேன். அண்டா, துடுப்பு, குழாய் எல்லாமே முதலில் அமிலம், பிறகு வடித்த தண்ணீரில் மூன்று தடவை, பிறகு சூடான காற்று. கழுவிய பிறகு பதிவேட்டில் கையெழுத்து. முப்பத்தோரு வருஷத்தில் நான் வேலைக்கு வந்து என் கையெழுத்து இல்லாத நாள் ஒன்றைக் காட்டினால் நான் வேலையை விட்டுவிடுகிறேன். என் மகளுக்கும் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தேன். அவள் கையில் தப்பு வராது.

அவளிடம் நான் இதெல்லாம் எழுதியதாகச் சொல்ல வேண்டாம். “அம்மா கவலைப்படறாங்க” என்று அவளுக்குத் தோன்றினால் இன்னும் சாப்பிட மாட்டாள்.

இப்படிக்கு,
உங்கள் பையனின் மாமியார்


மார்ச் 1

அன்புள்ள சம்பந்தியம்மா அவர்களுக்கு,

ஜன்னலை ஆணி அடித்து மூடினேன். எலுமிச்சை வாசனை மருந்தை வாங்கித் தரையைத் துடைக்கச் சொன்னேன். ரேடியோவும் வைத்தேன். சிரிக்காதீர்கள், என் இடத்தில் இருந்தால் நீங்களும் வைப்பீர்கள். பதினைந்து, பதினாறு, பதினேழு. பதினேழாவது முறை இருபத்திரண்டைத் தாண்டிப் பதினெட்டு டிகிரி வரை இறக்கினேன். பாகு இன்னும் கெட்டிப்பட்டுத் தேன் போல நின்றது. கொட்டத்தான் வேண்டியிருந்தது.

என் மருமகள் பகலெல்லாம் கலனைச் சுற்றி நடக்கிறாள். நான் ஒரு பக்கம் நடக்கிறேன். எதிரெதிரே வரும்போது இருவரும் வேறு எங்கேயோ பார்த்துக்கொள்கிறோம்.

எங்கள் கலனைக் கழுவ இயந்திரம் இருக்கிறது. கொதிநீரைப் பீய்ச்சி அதுவே கழுவிவிடும். ஆனால் அவள் அது முடிந்ததும் துடுப்பைக் கழற்றி எடுத்துக் கையால் மறுபடி கழுவுகிறாள். அமிலம், பிறகு மூன்று முறை தண்ணீர். ஏன் என்று கேட்டேன். “மெஷின் கழுவறதெல்லாம் ஒரு கழுவலா மாமா? எங்கம்மா கழுவறதுதான் கழுவல். அங்க பூத்துச்சுன்னா சும்மாவா பூத்துச்சு?” என்றாள். உங்களுக்குப் பெருமையாக இருக்கும் என்பதால் எழுதினேன்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். எப்படிக் கேட்பது என்று தெரியாமல் நாலு நாள் தள்ளிப்போட்டேன்.

பயிற்சிக்கு வந்தபோது நான் எடுத்த படங்களை எடுத்துப் பார்த்தேன். எங்கள் துடுப்பு ஒரே வார்ப்பு, இணைப்பு கிடையாது. உங்கள் துடுப்பு இரண்டு துண்டு, நடுவில் நட்டு போட்டு முடுக்கியது. படத்தில் அந்த இணைப்பைச் சுற்றி ஒரு வெள்ளைக் கோடு தெரிகிறது. அது வெளிச்சம் பட்டதா, வேறு ஏதாவதா? அந்த நட்டைக் கடைசியாகக் கழற்றியது எப்போது?

உங்கள் நூற்றுப் பன்னிரண்டு பக்கத்தில் ஓர் அட்டவணை இருக்கிறது. ஏழு வருடத்துக்கு முன்பு வரை உங்கள் ஊரிலும் பாதிக்குப் பாதி பூக்கவில்லை. அதன் பிறகு ஒருமுறைகூடத் தவறவில்லை. மெல்ல ஆறவிடும் முறையை அப்போதுதான் கண்டுபிடித்தோம் என்று டைரக்டர் எழுதியிருக்கிறார். நாங்களும் மெல்லத்தான் ஆறவிடுகிறோம்.

தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

தங்கள்,
சம்பந்தி


மார்ச் 8

சம்பந்தி அவர்களுக்கு,

தவறாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

கடைசியில் சுற்றிச் சுற்றி என் கழுவலில் வந்து நின்றுவிட்டீர்கள். டைரக்டரைக் கேட்க முடியாது, வக்கீலைக் கேட்க முடியாது, பாத்திரம் கழுவுகிறவளைக் கேட்கலாம், அப்படித்தானே? படத்தில் இருப்பது வெளிச்சம். எங்கள் அறையில் விளக்கு நல்ல விளக்கு.

பதிவேடு இருக்கிறது. கையெழுத்து இருக்கிறது. இனிமேல் இதைப் பற்றி எனக்கு எழுத வேண்டாம்.

மகளுக்கு மட்டும் என் அன்பைச் சொல்லவும்.


மார்ச் 17

சம்பந்தியம்மா அவர்களுக்கு,

நீங்கள் எழுத வேண்டாம் என்றதைப் பற்றி எழுதவில்லை. வேறு விஷயம்.

அறிக்கையின் வரைவு என் மேஜைக்கு வந்துவிட்டது. அதில் ஒரு வாக்கியம்: “முறையில் குறை காணப்படவில்லை, பயிற்றுநர் அறிந்தே ஒரு படியைத் தெரிவிக்காமல் விட்டிருப்பதாகக் கருத இடமிருக்கிறது.” இந்த ஒரு வரியோடு அவள் வெளியே போனால், இந்தத் தொழிலில் எந்த ஊரிலும், எந்த நாட்டிலும் அவளை ஒரு கலன் பக்கம் நிற்க விட மாட்டார்கள்.

வீட்டில் தெரிந்துவிட்டது. என் மனைவி நேற்றுத் தட்டை எனக்கு முன்னால் வைத்துவிட்டு, “எம் மருமகளுக்கு எதிரா கையெழுத்துப் போட்ட கையால இந்தச் சோத்தத் தொடாதீங்க. இப்பவே சாப்பிட்டுக்கோங்க, முப்பத்தொண்ணுக்கப்புறம் கெடையாது” என்றாள். என் பையன் என்னோடு பேசுவதையே நிறுத்திவிட்டான். மருமகள் ஒருத்திதான் என்னோடு பேசுகிறாள். “போடணும்னா போடுங்க மாமா. நீங்க போடலேன்னா இன்னொருத்தர் போடுவாங்க. ஆனா எனக்குத் தெரிஞ்சத எல்லாம் நான் சொல்லிட்டேன், அத மட்டும் நம்புங்க” என்றாள். நம்புகிறேன் என்றேன். அவள் தனக்குத் தெரிந்ததையெல்லாம் சொல்லிவிட்டாள் என்றே நினைக்கிறேன்.

தலைமை அலுவலகம் இன்னும் ஒரு முறைக்கு மட்டும் அனுமதி கொடுத்திருக்கிறது. 28-ஆம் தேதி.

தங்கள்,
சம்பந்தி


மார்ச் 22
விரைவு அஞ்சல்

சம்பந்தி அவர்களுக்கு,

இதை நான்கு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். இது ஐந்தாவது. கிழிப்பதற்கு முன்னால் தபாலில் போட்டுவிட வேண்டும் என்று தபால் நிலையத்திலேயே நின்றுகொண்டு எழுதுகிறேன். கோணல் மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

படத்தில் இருப்பது வெளிச்சம் இல்லை.

ஏழு வருஷத்துக்கு முன்னால் கழுவும் அறையில் வழுக்கி விழுந்தேன். வலது தோள் இறங்கிவிட்டது. தானாக ஏறிக்கொண்டது, ஆனால் அதற்குப் பிறகு என்னால் கையைக் காதுக்கு மேலே தூக்க முடியாது. துடுப்பு என் உயரம், பதினாறு கிலோ. அதைத் தூக்கி அமிலத் தொட்டியில் இறக்க முடியவில்லை. சொன்னால் என்னை வாசல் வேலைக்கு மாற்றிவிடுவார்கள். வாசலில் வண்டி எண் எழுதிக்கொண்டு நாற்காலியில் உட்காருகிற வேலை. ‘இந்தம்மா கழுவினா முகம் பாக்கலாம்’ என்று பேர் வாங்கிவிட்டு அங்கே போய் உட்கார எனக்கு மனசில்லை.

அதனால் துடுப்பைத் தொங்குகிற இடத்திலேயே வைத்து, ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் துடைத்துவிடுவேன். துடைத்தால் பளபளவென்று இருக்கும். இணைப்பில் மட்டும் துணி போகாது. பதிவேட்டில் ‘கழுவப்பட்டது’ என்று எழுதியிருக்கும் இடத்தில் கையெழுத்துப் போடுவேன். ஏழு வருஷமாக ஒவ்வொரு தடவையும் அப்படித்தான். அண்டாவையும் குழாயையும் மற்ற எல்லாவற்றையும் ஒழுங்காகக் கழுவினேன், அதில் பொய் இல்லை. துடுப்பு மட்டும்.

உங்கள் முதல் கடிதத்தில் பாகு, சர்க்கரை மணி என்று எழுதியிருந்தீர்களே, அதைப் படித்தபோதே எனக்குத் துடுப்பின் ஞாபகம் வந்தது. பாகு காய்ச்சாதவளா நான்? ஆனால் அந்த நினைப்பு வந்த உடனே எழுந்துபோய் வேறு வேலை பார்த்தேன். ஒரு மாதமாக வேறு வேலைதான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். வீட்டில் கழுவின பாத்திரத்தையே திரும்பத் திரும்பக் கழுவினேன். அதற்கு நடுவில்தான் உங்களைத் திட்டி அந்தக் கடிதம்.

நேற்று எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில் ஆபரேட்டரின் ஸ்பேனரை வைத்து நட்டை இளக்கிப் பார்த்தேன். உள்ளே வெள்ளையாகப் படிந்திருக்கிறது. நகத்தால் கீறினால் தூளாக உதிர்கிறது. மருந்தேதான். ஒவ்வொரு தடவையும் பழைய மருந்தில் கொஞ்சம் புதுப் பாகில் விழுந்திருக்கிறது. நாங்கள் விதை போடவில்லை என்று டைரக்டர் சொன்னது அவர் அறிந்தவரை உண்மை. போட்டவள் நான்.

என் மகள் அங்கே அந்தத் துடுப்பைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவுகிறாள் என்று எழுதினீர்களே, நான் சொன்னதை நம்பித்தான் செய்கிறாள். நான் செய்ததை அவள் பார்த்ததே இல்லை. கழுவும் நேரத்தில் நான் யாரையும் உள்ளே விடுவதில்லை.

இதை யாரிடம் வேண்டுமானாலும் காட்டலாம். ‘முறை தப்புன்னு அவங்க கையால எழுதி வாங்குங்க’ என்று உங்கள் தாள் கேட்டாராமே. இதோ, என் கையால் எழுதியிருக்கிறேன். கீழே முழுக் கையெழுத்தும் வேலையும் போட்டிருக்கிறேன். நாளைக் காலை டைரக்டரிடமும் போய்ச் சொல்லிவிடுவேன். உங்கள் மூலமாக அவர் கேள்விப்படுவது சரியில்லை.

மகளிடம் நீங்கள் எடுத்துச் சொல்ல வேண்டாம். இந்தக் காகிதத்தைக் கொடுத்துவிடுங்கள்.

(முழுக் கையெழுத்து)
பாத்திரம் கழுவும் பணியாளர், முதல் நிலை


மார்ச் 30

அன்புள்ள சம்பந்தியம்மா அவர்களுக்கு,

உங்கள் கடிதம் 27-ஆம் தேதி மதியம் வந்தது. நின்றபடியே படித்தேன். பிறகு நேராகத் தாளின் அறைக்குப் போனேன். அவர் மூன்று முறை படித்தார். கையெழுத்தைக் கண்ணாடி வைத்துப் பார்த்தார். உறையில் இருந்த தபால் முத்திரையைப் பார்த்தார். பிறகு, “இது தாள்” என்றார். அந்த மனிதரை நான் கட்டிப்பிடித்துக்கொள்ளாதது என் வயதுக்காக மட்டும்தான்.

அடுத்த நாள் காலை கலன் ஓடியது. இருபத்திரண்டு டிகிரியில், பூட்டிவைத்திருந்த தூளை எடுத்து ஒரு சிட்டிகையைக் கலனில் போட்டோம். கண்ணாடித் துளைக்கு முன்னால் நான், தாள், என் மருமகள். முதலில் ஒன்றுமில்லை. நான் நகம் கடித்தேன், எனக்கு அந்தப் பழக்கமே கிடையாது. பிறகு ஒரு மூலையில் பால் சிந்தியது போல ஒரு மங்கல். “வருது மாமா” என்றாள். சொல்லி முடிப்பதற்குள் கலன் முழுக்க வெள்ளை. நாலு மாதமாக நின்ற பாகு, சொல்லி வைத்தாற்போல நாலு நிமிடத்தில் பூத்துவிட்டது. ஆட்கள் கை தட்டினார்கள். தாள் மட்டும் நேரத்தைக் குறித்துக்கொண்டிருந்தார்.

அறிக்கையின் அந்த வாக்கியம் நீக்கப்பட்டது. அவள் பெயரில் இனி ஒரு கறையும் இல்லை. அந்தப் பெரிய கம்பெனியின் காப்புரிமை எங்கள் நாட்டில் போன வருடமே முடிந்துவிட்டது, ஆகவே எங்களுக்குத் தடை எதுவும் இல்லை. உங்கள் நாட்டில் இன்னும் ஆறு வருடம் இருக்கிறது என்று தாள் சொன்னார். அதை நினைத்தால்தான் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

நீங்கள் கேட்காவிட்டாலும் எழுத வேண்டியது இது. கடிதத்தை அவளிடம் 27-ஆம் தேதியே கொடுத்தேன். படித்தாள். “ஏழு வருஷமா?” என்று மட்டும் கேட்டாள். மடித்துக் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள். அமிலத்தில் வெறுங்கையால் தேய்த்துத் தேய்த்து அவள் விரல் நுனியெல்லாம் தோல் உரிந்திருக்கிறது. மற்ற நேரமெல்லாம் கையுறைக்குள் இருந்ததால் நான் இதுவரை பார்க்கவில்லை.

தங்கள்,
சம்பந்தி


ஏப்ரல் 8

சம்பந்தி அவர்களுக்கு,

பூத்தது என்று படித்ததும் அழுதேன். விரலைப் பற்றிப் படித்ததும் அழுகை நின்றுவிட்டது.

இங்கே நடந்ததைச் சொல்கிறேன். டைரக்டரிடம் போய் நின்று சொன்னேன். அவர் நம்பவில்லை. சிரித்தார். “உங்க பொண்ணக் காப்பாத்தறதுக்காக சொல்றீங்கம்மா, எனக்குப் புரியுது” என்றார். நான் இல்லை என்றேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. மூன்று ஆட்களை விட்டுத் துடுப்பைக் கழற்றி, நட்டை வேறாகவும் தண்டை வேறாகவும் பிரித்து, அமிலத்தில் ஊறப்போட்டுக் கழுவச் சொன்னார். என்னை ஓரமாக நின்று பார்க்கச் சொன்னார். அவ்வளவு நன்றாக நான்கூடக் கழுவியதில்லை.

மறுநாள் பாகு பூக்கவில்லை. அதற்கடுத்த நாளும் பூக்கவில்லை. மூன்றாம் நாள் டைரக்டர் என்னைக் கூப்பிட்டார். முகம் சுண்டியிருந்தது. “எனக்கு ஒரு வருஷத்துக்கு முன்னாடி சொல்லியிருக்கலாமேம்மா” என்றார். எனக்கே தெரியாததை எப்படிச் சொல்வது? ஆனால் தோள் இறங்கியது எனக்குத் தெரியும். அதைச் சொல்லியிருக்கலாம்.

இங்கே விதை போட்டால் அந்தக் கம்பெனி வழக்குப் போடும். போடாவிட்டால் பூக்காது. அண்டாவைத் துணி போட்டு மூடி வைத்திருக்கிறார்கள். கேண்டீனில் நான் உட்காரும் மேஜையில் யாரும் உட்காருவதில்லை. “நல்லா கழுவாததுக்கு இவ்வளவு பேரா?” என்று ஆபரேட்டர் என் காதுபட ரேடியோவிடம் சொன்னார். அவர் ரேடியோவுக்கும் இப்போது வேலை இல்லை, பாவம்.

என்னை வாசலுக்கு மாற்றிவிட்டார்கள். வண்டி எண் எழுதுகிறேன். காற்று நன்றாகத்தான் வருகிறது. ஆனால் கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. பேனாவைத் துடைக்கிறேன், நாற்காலியைத் துடைக்கிறேன், கேட்டைத் துடைக்கிறேன். ஒரு லாரிக்காரர் தன் லாரியையும் துடைத்துத் தரச் சொல்கிறார்.

அவள் எனக்கு எழுதவில்லை. போனும் இல்லை. நான் கேட்கவும் மாட்டேன். அவள் பேசாமல் இருப்பதற்கு எல்லா நியாயமும் இருக்கிறது. விரல் ஆறுகிறதா என்று மட்டும் எழுதுங்கள். வேறு எதுவும் வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் பையனின் மாமியார்


ஏப்ரல் 17

அன்புள்ள சம்பந்தியம்மா அவர்களுக்கு,

விரல் ஆறிவருகிறது. என் மனைவி காலையும் மாலையும் மருந்து தடவிவிடுகிறாள். என்னையும் மறுபடி சாப்பிட அனுமதித்துவிட்டாள்.

முந்தாநாள் நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

புதிய முறைக்குத் தாள் புதிய தாள் தயாரித்துவிட்டார். கலன் அறைப் பொறுப்பாளர் என்பதால் அதை நிரப்பியது என் மருமகள். ஒவ்வொரு படிக்கும் பக்கத்தில் ‘இந்தப் படி எவ்வாறு கண்டறியப்பட்டது’ என்று ஒரு கட்டம் உண்டு. ‘இருபத்திரண்டு டிகிரியில் ஒரு சிட்டிகை மருந்துத் தூள் இடவும்’ என்ற வரிக்குப் பக்கத்தில் அவள் இப்படி எழுதியிருந்தாள்:

“கழுவாத துடுப்பிலிருந்து. கழுவாதவர்: என் அம்மா.”

தாள் பதறிப்போனார். “என்னம்மா இது, கொஞ்சம் கௌரவமா எழுதக் கூடாதா? ‘ஆய்வக அனுபவத்தின் வாயிலாக’ன்னு போடுங்க” என்றார். அவள் பேனாவை மூடினாள். “இல்ல சார். எங்கம்மா தப்புக்கு எங்கம்மாதான் பொறுப்பு, எங்கம்மா கண்டுபிடிச்சதுக்கும் எங்கம்மாதான் பொறுப்பு. அந்த வரிய அடிக்கணும்னா நீங்க அடிங்க, நான் அடிக்க மாட்டேன்” என்றாள். தாள் அடிக்கவில்லை. தலைமை அலுவலகம் கேட்டால் என்ன சொல்வது என்று இரண்டு நாளாகத் தலையைச் சொறிந்துகொண்டிருக்கிறார். நாளைக்குள் ஏதாவது திருத்தம் இருந்தால் சொல்லச் சொன்னார். உங்களிடம் கேட்டு எழுதுகிறேன் என்று இரண்டு வாரம் தவணை வாங்கியிருக்கிறேன். அந்தத் தாள் இனி இந்த மருந்து செய்யும் எந்த ஆலைக்கும், எந்த நாட்டுக்கும் போகும். உங்களுக்குச் சங்கடம் என்றால் மாற்றிவிடலாம்.

எழுதிவிட்டு வெளியே வந்தவள் என்னிடம், “அம்மாவுக்கு நீங்கதான மாமா எழுதறீங்க? தோள் இப்ப எப்படி இருக்குன்னு கேளுங்க” என்றாள்.

கேட்டுவிட்டேன்.

தங்கள்,
சம்பந்தி


ஏப்ரல் 24

சம்பந்தி அவர்களுக்கு,

தோள் முன்பு போலத்தான் இருக்கிறது. மழை நாளில் கொஞ்சம் வலிக்கும். வருகிற திங்கட்கிழமை டாக்டரிடம் காட்டப் போகிறேன், ஏழு வருஷத்தில் இதுதான் முதல் தடவை. இதை அவளிடம் சொல்லுங்கள்.

அந்த வரியை மாற்ற வேண்டாம். கௌரவமாக எதையும் எழுதவும் வேண்டாம். ஆனால் அவள் எழுதியதில் ஒரு குறை இருக்கிறது. ‘என் அம்மா’ என்பதற்குப் பக்கத்தில் ‘ஏழு வருஷமாக’ என்று சேர்க்கச் சொல்லுங்கள். ஏதோ ஒருநாள் மறந்துபோய்க் கழுவாமல் விட்டவள் என்று ஊர் ஊராக யாராவது நினைத்துவிடப் போகிறார்கள்.

இப்படிக்கு,
உங்கள் மருமகளின் அம்மா